குப்பனூரில் ஒரு குளம்படிச் சத்தம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு மலைப்பாதைகள் உண்டு. 20 கொண்டை ஊசி வளைவுகளோடு அடிவாரத்திலிருந்து ஏறுகிற பாதை எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று வலசையூர் தாண்டி, குப்பனூர் வழியாக, கொட்டச்சேடு தொட்டு ஏறுவது. கொஞ்சம் சுற்று. கோடை விழாவின்போது மேலே போன வண்டிகளைக் கீழே இறக்க இந்தப் பாதைதான் கை கொடுக்கும். மற்ற நாட்களில் அமைதியோ அமைதி!

குப்பனூரை எல்லோரும் கடந்துதான் போகிறார்கள், இறங்குவதில்லை. நான் இறங்குவேன். என் வீட்டுக்காரரின் சித்தி அங்கே இருக்கிறார். 'சின்னத்தை' என்று கூப்பிடுவேன். மரவள்ளிக் காட்டை ஒட்டிய ஓட்டு வீடு, வாசலில் இரண்டு மாமரம், தலையை நிமிர்த்தினால் சேர்வராயன் மலை. சாயங்காலம் மலை நிழல் சீக்கிரமே வந்து வீட்டின்மேல் படுத்துக்கொள்ளும். அப்புறம் தவளைச் சத்தமும், மலையேறும் வண்டிகளின் உறுமலும்தான். ரோட்டோரம் சூலமும் வேலும் நட்ட ஒரு காவல்சாமி. டிரைவர்கள் வண்டியை நிறுத்தி, எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். இந்தப் பக்கத்தில் கருப்பனைவிட முனியப்பனுக்குத்தான் செல்வாக்கு அதிகம்.

ஆனால் சின்னத்தைக்குப் பிடித்தவர் கருப்பு. அதுவும் கோயில் கருப்பு இல்லை, டி.வி. கருப்பு!

ஞாபகம் இருக்கிறதா, சிநேகிதிகளே? 1997-98 வாக்கில் சன் டி.வி.யில் வந்த 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா டைரக்ஷன், கே. பாலசந்தரின் கவிதாலயா தயாரிப்பு. 'மர்மதேசம்' வரிசையில் 'ரகசியம்' முடிந்து வந்தது. தோட்டக்காரமங்கலம் என்ற ஊரில் யார் தப்புப் பண்ணினாலும் குதிரையேறி வந்து தண்டிக்கிற சாமி. குளம்படிச் சத்தம் கேட்டாலே குழந்தைகள் போர்வைக்குள் புகுந்துகொள்ளும். பெரியவர்கள் மட்டும் என்னவாம்? எங்கள் வீட்டில் அன்றைக்குப் பின்கட்டு விளக்கை யாரும் அணைக்க மாட்டோம்.

குப்பனூரில் அப்போது கேபிள் கனெக்ஷன் இருந்த வீடு ஒன்றிரண்டுதான். சின்னத்தை இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் காட்டு வழியே திரும்புவாராம். சித்தப்பா காலமாகி ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். பங்காளி ஒருத்தர் வரப்பைத் தள்ளித் தள்ளிப் போட்டு, காட்டில் ஒரு பகுதியைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டிருந்தார். கேட்கப் போனால், "பொம்பளைக்கு என்ன தெரியும்?" என்ற பதில்.

"பயமா இருக்காதா சின்னத்தை, அந்த நேரத்துல, அதையும் பார்த்துட்டு?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன கண்ணு பயம்? நான் யார் வரப்பைத் தள்ளினேன்? மத்தவங்க குதிரைச் சத்தத்தைக் கேட்டு நடுங்குவாங்க. எனக்கு அது கூடத் தொணைக்கு வர்ற மாதிரி இருக்கும்."

இந்த மாதிரிப் பிரியத்தை நான் வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. பேய்த் தொடர் பார்க்கிறவர்களைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அதில் வரும் பாத்திரத்தின்மேல் ஏன் இத்தனை ஆசை என்று யாரும் கேட்பதில்லை. கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவில் 1966 முதல் 1971 வரை 'டார்க் ஷேடோஸ்' என்று ஒரு பகல் நேரத் தொடர் வந்தது. 1967-ல் அதில் பர்னபாஸ் காலின்ஸ் என்ற ரத்தக்காட்டேரியைக் கொஞ்ச நாளைக்கு என்று கொண்டு வந்தார்கள். வேஷம் கட்டியவர் ஜோனதன் ஃப்ரிட். வீட்டிலிருக்கும் பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கடிதமாக எழுதிக் குவித்ததில், காட்டேரியே கதாநாயகனாகிவிட்டது!

பங்காளி விவகாரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கருப்பு வரவில்லை. தாலுகா சர்வேயர் வந்தார். பணம் கட்டி, மனு எழுதி, பலமுறை அலைந்து, சின்னத்தை நிலத்தை அளக்க வைத்தார். கல் பழைய இடத்துக்கே வந்தது. "மனு எழுதறதுக்குத் தைரியம் யார் குடுத்தாங்கறே?" என்று சிரிக்கிறார்.

போன தடவை போயிருந்தபோது பேத்தியின் செல்போனில் மறுபடி அதே தொடர். கவிதாலயாவே யூ டியூபில் போட்டிருக்கிறார்களே! கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, வசனத்தை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு பார்க்கிறார். அதில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் பின்னால் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டதில் இவருக்குச் சொந்த வீட்டு விசேஷம் மாதிரிப் பெருமை. "கருப்பு சேர்த்து வெச்ச ஜோடி!" கதை எழுதியவரும் சேலத்தில் பிறந்தவர் என்பதால் 'நம்ம ஊர்ப் பிள்ளை' என்பார். 2024 நவம்பரில் அவர் மதுரையில் காலமானபோது அன்று அடுப்பு மூட்டவில்லையாம். 2017-ல் வந்த 'நந்தினி' பாம்பை மட்டும் சேர்த்துக்கொள்ள மாட்டார். "அது பழி வாங்க வர்றது. இவன் நியாயம் கேக்க வர்றவன்." எனக்கு நந்தினியும் பிடிக்கும். இவரிடம் சொல்லித் தப்ப முடியுமா?

இந்த அபிமானம் மூட நம்பிக்கையில் கொண்டுபோய் விடாதா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் கேட்டேன். பதிலாக ஒரு சம்பவத்தைச் சொன்னார். இரண்டு வீடு தள்ளி ஒரு சிறுமி திடீரென்று விழுந்து கை கால் வெட்டி இழுத்தாளாம். "கருப்பு இறங்கியிருக்கு, வேப்பிலை கொண்டாங்க" என்று கூட்டம். ஒருத்தர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க, இன்னொருத்தர் கோடாங்கிக்கு ஆள் அனுப்ப, சின்னத்தை குறுக்கே போய் நின்றாராம்.

"கருப்பு தப்புப் பண்ணினவனைத்தான் பிடிக்கும். பச்சைக் குழந்தை என்னய்யா தப்புப் பண்ணுச்சு? வண்டியைக் கூப்பிடு!"

சேலம் பெரியாஸ்பத்திரியில் வலிப்பு நோய் என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்கள். அந்தப் பெண் இப்போது காலேஜ் போகிறாள்.

பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். வலிப்பு வந்தவரை இறுக்கிப் பிடிக்க வேண்டாம், வாயில் ஸ்பூனோ துணியோ வைக்க வேண்டாம், சாவியும் இரும்பும் எதுவும் செய்யாது. சுற்றியிருக்கும் கூர்மையான சாமான்களை அப்புறப்படுத்தி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். நன்றாக நினைவு திரும்பும்வரை தண்ணீர்கூட வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி இழுத்தாலோ, முதல் தடவை என்றாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவே கூடாது.

மறுநாள் காலை மரவள்ளிக் கிழங்கு வேகவைத்து, தேங்காய்த் துருவலோடு இலையில் கட்டிக் கொடுத்தார். ஏற்காடு போகிறவர்கள் ஒருமுறை இந்தப் பக்கமாக ஏறிப் பாருங்கள். மேலே போகப் போகக் காற்று குளிர்ந்து, காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் கண்ணில் படும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மண் சரிவு உண்டா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது நல்லது. குளம்படிச் சத்தத்துக்காக இல்லை, வளைவுகளில் பனிமூட்டம் இறங்கிவிடும்.