மலையும் மஞ்சள் பையும்

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் அமைந்துள்ளது கொடைக்கானல். அதனைச் சூழ்ந்த பழனிமலைச் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் மழைநீரைத் தம்முள் தேக்கி, ஓடைகளாக வழங்குகின்றன. அவற்றுள் சில வடக்கே பொருந்தலாற்றையும், சில தெற்கே வைகையையும் சென்றடைகின்றன. ஆதலின் மலைமேல் எறியப்படும் குப்பை, அடிவாரத்து வயல்களுக்கும் கேடு விளைவிக்கும்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி முதல் நாள் தொட்டுத் தடை செய்தது. 2021இல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தையும் தொடங்கியது. சட்டம் கையைத் தடுக்கலாம். பழக்கத்தை மாற்றுவதற்கோ உடனிருப்போரின் துணை வேண்டும்.

மலையூர் அலுவலகம் ஒன்றில் பணிபுரிவோர் இரண்டு அணிகளாகப் பிரிந்து போட்டியிடுவதாகக் கொள்க. துணிப்பை கொணர்ந்தவர்க்கு ஒரு புள்ளி. வீட்டிலிருந்து எவர்சில்வர் குப்பியில் நீர் கொணர்ந்தவர்க்கு ஒரு புள்ளி. வெளியேறுகையில் விளக்கை அணைத்தவர்க்கு ஒரு புள்ளி. மறந்துவந்த எதிரணியினர்க்குத் தம் பையை ஈந்தவர்க்கு இரண்டு புள்ளி! முதல் வாரத்தில் மறதியே வெல்லும். மறந்தவரைக் கண்டு பிறர் நகைப்பர். அந்நகைப்பில் பகை இராது. நாளடைவில் புள்ளிக் கணக்கை எவரும் நினையார்; பை மட்டும் கையில் இருக்கும். அவ்வெற்றியில் இரண்டு அணிகளுக்கும் பங்குண்டு. அடிவாரத்து உழவர்க்கும் பங்குண்டு.