சனி யந்திரமும் 33-உம்

ஏழரைச் சனி நடக்கும் வீடுகளில் இந்தச் செப்புத் தகட்டைப் பார்த்திருப்பீர்கள். ஒன்பது கட்டங்கள். மேலே 12, 7, 14. நடுவில் 13, 11, 9. கீழே 8, 15, 10. நெடுக்கே, குறுக்கே, மூலைக்கு மூலை, எப்படிக் கூட்டினாலும் 33. இதே போன்ற கட்டத்தில் கூட்டுத்தொகை சூரியனுக்கு 15-இல் தொடங்கும். கிழமை வரிசையில் மும்மூன்றாக ஏறி, ராகுவுக்கு 36, கேதுவுக்கு 39.

இந்தக் கணக்கின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. சனி ஒரு ராசியைக் கடக்கவே ஏறக்குறைய இரண்டரை ஆண்டு ஆகும். அவ்வளவு நாள் கலங்கிக் கிடப்பவருக்கு, விளக்கேற்றி அந்த எண்களின் முன் சற்று உட்காருவது நல்ல பிடிமானம். ஆனால் அவர் பயத்தைக் காட்டி ஆயிரக்கணக்கில் தகடு விற்பவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது.

வாங்காதீர்கள். சனிக்கிழமை காலை குளித்துவிட்டு, வெள்ளைத் தாளில் நீங்களே எழுதுங்கள், ஒவ்வொரு எண்ணாக.