டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்

என் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். இரண்டு வருடமாக எலெக்ட்ரிக் கிதார் பைத்தியம். சத்தம் உடைந்து கரகரவென்று வர ஃபஸ் பெடல் வேண்டும் என்றாள். விலையைப் பார்த்ததும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த இன்ஜினியர் எழுந்துவிட்டான். "நாமே பண்ணிடலாம்" என்று வாயை விட்டேன்.

தேர்ந்தெடுத்தது ஃபஸ் ஃபேஸ் சர்க்யூட். 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி கொண்டுவந்தது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மிதித்து மிதித்து உலகப் புகழாக்கினார். உள்ளே பார்த்தால் ஒன்றுமில்லை. இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், திருகுவதற்கு இரண்டு பாட், 9 வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான்!

நொய்டாவிலிருந்து மெட்ரோ பிடித்து, மண்டி ஹவுஸில் மாறி, செங்கோட்டை எதிரே இருக்கும் லஜ்பத் ராய் மார்க்கெட் போனோம். படத்தில் போட்டிருந்தது பிசி 547. கடைக்காரப் பெரியவர் அது தீர்ந்துவிட்டது, 2என் 3904 போடு, வேலை செய்யும் என்றார். வாங்கி வந்து ராத்திரி பதினொரு மணி வரை பத்தவைத்தோம்.

சுவிட்சை மிதித்தால்... கொசு ரீங்காரம் மாதிரி ஏதோ கேட்டது. பெடலை அணைத்தால் கிதார் நன்றாகப் பாடியது. ஆக, ஜாக், ஒயர் எல்லாம் சரி.

ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரை ஒயரில் கோர்த்து ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன். அதன் மறுமுனையால் போர்டை இடம் இடமாகத் தொட்டால் சத்தம் எங்கே சாகிறது என்று தெரிந்துவிடும். முதல் டிரான்சிஸ்டரின் பேஸ் வரை தெளிவு. அதைத் தாண்டினால் முனகல். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் பேட்டரியில் பாதி, அதாவது 4.5 வோல்ட் பக்கம் நிற்க வேண்டும். அதற்காகவே 8.2 கே ரெசிஸ்டருக்குப் பதில் 10 கே டிரிம்பாட் போட்டிருந்தேன். முழுக்கத் திருகியும் 6-க்குக் கீழே இறங்கவில்லை.

டிரான்சிஸ்டரைக் கழற்றி மீட்டரின் டயோடு டெஸ்டில் வைத்தேன். நடுக்காலிலிருந்து இரண்டு பக்கமும் 0.6-க்கு மேல். நல்ல டிரான்சிஸ்டர்தான். ஆனால் கெயின் பார்க்கும் ஓட்டையில் சொருகினால் 2 என்றது. நூறுக்கு மேல் வர வேண்டியது! தீர்ப்பு எழுதிவிட்டேன்: போலிச் சரக்கு.

மறுநாள் அதே கடை. நாலு பேர் நிற்கும்போது என் அரைகுறை ஹிந்தியில் "நக்லி மால்" என்று கத்தினேன். பெண் இரண்டடி தள்ளி, என்னைத் தெரியாதவள் போல நின்றாள். பெரியவர் பதிலே சொல்லவில்லை. டிரான்சிஸ்டரை வாங்கித் தன் மீட்டரில் சொருகினார். 190 சொச்சம். எடுத்துத் திருப்பிச் சொருகினார். 2. "உல்டா" என்றார், ஒரே வார்த்தை.

தட்டை முகம் நம்மைப் பார்க்க வைத்தால் பிசி 547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என் 3904-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். இரண்டிலும் பேஸ் நடுவில் இருப்பதால் டயோடு டெஸ்ட் இரண்டு பக்கமும் பாஸ். தலைகீழாகப் போட்டாலும் டிரான்சிஸ்டர் செத்துவிடாது, கெயின்தான் பாதாளத்துக்குப் போகும். படம் வேறு, பார்ட் வேறு என்று தெரிந்தும் காலைச் சரிபார்க்காதது நான்.

எனக்கு முன்னால் "ஸாரி அங்கிள்" என்றது என் பெண். நான் அசடு வழிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மெட்ரோவில் மண்டி ஹவுஸ் வரை பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "கணக்கு தப்பாப் போனா கேள்வி தப்புன்னு சொல்லாதேன்னு என்னைத் திட்டுவியேப்பா" என்றாள். என்ன பதில் சொல்ல?

வீட்டில் இரண்டையும் திருப்பிப் போட்டுப் பத்தவைத்தோம். டிரிம்பாட் சமர்த்தாக 4.5-க்கு வந்தது. அவள் ஒரு கார்டு தட்டினாள். மேல் மாடிக்காரர் இறங்கி வந்துவிட்டார் :-)

அடுத்த சனிக்கிழமை தனியாகப் போய்ப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடு, சத்தம் வந்துதா?" என்றுதான் கேட்டார். போனில் அவள் வாசித்ததைப் போட்டுக் காட்டினேன். காதருகே வைத்து முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுக்கா இவ்வளவு சண்டை போட்டே?" என்று சிரித்தார்.