பாத்திரத்தைக் கழுவத் தெரிந்த நாம்



எங்கள் வாப்பாவின் தென்னந்தோப்புக்கு ஏழு ஆண்டுகளாக ஒரு கிரேட் டேன் நாய் காவல் இருக்கிறது. பயிருக்கும் கால்நடைக்கும் காவலாக நாய் வைத்துக்கொள்ள மார்க்கம் அனுமதித்துள்ளது. அது வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண்ணால் கழுவ வேண்டும் என்று மத்ரஸாவில் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். ஆனால், அதன் பாத்திரத்தில் எதை, எப்படி வைக்கிறோம் என்று நாங்கள் சிந்தித்ததே இல்லை.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் மாலை, மிஞ்சிய பிரியாணியை எலும்புகளோடு மொத்தமாகக் கொட்டினோம். ஆவலோடு விழுங்கிவிட்டு, வழக்கம்போல் தோப்பைச் சுற்றி ஓடியது. இஷாவுக்குப் பின் பார்த்தால் வயிறு மத்தளம்போல் உப்பியிருந்தது. வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வரவில்லை. கால்நடை மருத்துவர் அன்றிரவே அறுவை செய்தார். இரைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. தாமதித்திருந்தால் உயிர் தங்கியிராது என்றார்.

அவர் சொன்னவை பல. இவ்வளவு பெரிய இன நாய்களுக்கு ஆறேழு வயதிலேயே முதுமை வந்துவிடும். ஒரே வேளையில் வயிறு நிறையக் கொடுக்காமல், இரண்டு மூன்று வேளைகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது ஓடவிடாமல் ஓய்வு தர வேண்டும். வெங்காயம் நாய்க்கு நஞ்சு. வெந்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். முதுமையிலும் ஓடியாடும் நாய்க்கு இறைச்சியும் முட்டையும் தேவை. வயதாகிவிட்டதென்று அவற்றைக் குறைக்கக் கூடாது. அதேவேளை எடை கூடினால் மூட்டுகள் தாங்கா. தடவிப் பார்த்தால் விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்தான் என்ற நபிமொழியை எத்தனையோ முறை மேடையில் சொல்லியிருக்கிறோம். நம் வாசலில் காவல் காத்த உயிரிடம் அதைச் செயலில் காட்டத் தவறினோம். மிச்சத்தைக் கொட்டிவிட்டு அதை ஈகை என்று எண்ணிக்கொண்டோம்.

இப்போது ஃபஜ்ருக்குப் பின்னும், நண்பகலிலும், அஸருக்குப் பின்னும் அளவாக வைக்கிறோம். முதல் வேளை உணவைப் பிள்ளைகளே எடுத்துச் செல்கின்றனர். பாத்திரத்தின் சட்டத்தோடு அதில் இடும் உணவின் அமானிதத்தையும் அவர்கள் கற்கட்டும்.

நம் பொறுப்பில் உள்ள வாயில்லா உயிர்கள் குறித்தும் விசாரிக்கப்படுவோம். அல்லாஹ் நம் குறைகளை மன்னிப்பானாக. ஆமீன்.