காலனிக் கடையில் மட்டும் பில் வராது

எங்கள் காலனியின் ரேஷன் கடை பகுதிநேரக் கடை. வாரத்துக்கு இரண்டு நாள் திறக்கும். ஊருக்குள் இருக்கும் தாய்க்கடைக்கும் இதற்கும் ஒரே விற்பனையாளர் அக்காதான். மெஷினும் பிரிண்டரும் மட்டும் தனித்தனி. போன வருடம் இரண்டு கடை மெஷினையும் மாற்றினார்கள். ஊர்க்கடைக்கு டெக்னீஷியன் வந்து பிரிண்டரை இணைத்துக் கொடுத்தார். ரோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வரவில்லை. ஐந்து மாதம் விரல்ரேகை வைத்தோம், பொருள் வாங்கினோம், பில் மட்டும் கிடையாது. கேட்டால், “புளூடூத் புடிக்கல தம்பி.”

எஸ்.எம்.எஸ். வருமே என்பீர்கள், தோழர்களே. எங்கள் தெருவில் பாதிக் கார்டுகளில் இருப்பது தொலைந்துபோன சிம்மின் நம்பர், இல்லையென்றால் திருப்பூரில் வேலைபார்க்கும் மகனின் நம்பர்.

இரவுப் பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தரும் நாங்கள் நான்கு பேர் ஒரு சனிக்கிழமை அக்காவிடம் போய், “நாங்க பாக்கட்டுமா?” என்றோம். தயங்கித்தான் கொடுத்தார்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மெஷினின் புளூடூத் பட்டியலில் வேறு ஏதோ பிரிண்டரின் பெயர் கிடந்தது. அதை நீக்கினோம். எங்கள் பிரிண்டரில் சார்ஜே இல்லை. அரைமணி நேரம் பக்கத்து வீட்டில் போட்டோம். பிறகு ஆன் செய்து, மெஷினில் தேடவிட்டால் ஒரு பெயரும் சில எண்களும் வந்தன. பிரிண்டரின் அடியில் ஒட்டியிருந்த எண்ணோடு ஒத்துப்பார்த்துத் தொட்டோம். பின் நம்பர் கேட்டது. 0000 போட்டோம், ஏற்கவில்லை. 1234 ஏற்றது. இதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். பில் போடும் செயலிக்குள் போய் அங்கேயும் இந்தப் பிரிண்டரைத் தேர்வுசெய்ய வேண்டும்.

முதல் பில் வெள்ளைத் தாளாக வந்தது! வரிசையில் ஒரே சிரிப்பு. இந்தப் பிரிண்டரில் மை கிடையாது, சூட்டில்தான் எழுத்து வரும். தாளில் மருந்து பூசிய பக்கம் ஒன்றுதான். நகத்தால் கீறிப் பார்த்தால் கறுப்புக் கோடு விழும் பக்கம் அது. ரோலைத் திருப்பிப் போட்டோம்.

அடுத்து ஒரு பாட்டிக்குப் பில் வந்தது. அந்தியோதயா கார்டு. அரிசி 35 கிலோ, சர்க்கரை, பாமாயில், துவரம்பருப்பு ஒரு கிலோ. பையில் பருப்பு இல்லை. பாட்டி பருப்புக்குக் காசும் கொடுக்கவில்லை, ‘வரல’ என்று சொல்லியிருந்தார்கள். கடைப்பருப்பு 30 ரூபாய். வெளியில் நூறைத் தாண்டும். அந்த 30 ரூபாயை யாராவது கட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும், பருப்பு வேறெங்கோ போய்விடும்.

அக்கா தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “மூட்டையே எடை கொறஞ்சுதான் வருது, ஆடிட்ல என் சம்பளத்துலதான் புடிப்பாங்க” என்றார். அது பொய்யில்லை, விற்பனையாளர்களின் நெடுநாள் புகார் அது. ஆனால் அந்தக் குறையை எந்தத் தெருவின் தலையில் கட்டுவது என்று முடிவானபோது, பில் கேட்க முடியாத தெருதான் கண்ணில் பட்டிருக்கிறது. எங்களுக்கு அக்காமேல் இருந்த கோபத்தைவிட, ஐந்து மாதம் சும்மா இருந்த எங்கள்மேல்தான் கோபம் அதிகம்.

1967-க்குப் போன் செய்து புகார் பதிவுசெய்தோம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013, பிரிவு 29-ன்படி ஒவ்வொரு ரேஷன் கடைக்கும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். அதில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் உரிய இடம் தர வேண்டும். எங்கள் கடைக் குழுவில் யார் யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறோம். முப்பது நாள் இன்னும் முடியவில்லை.

இந்தத் தாளில் எழுத்து வெயில்பட்டால் மங்கிவிடும். அதனால் பில்லை வாங்கிய உடனே போனில் படம் எடுத்து வைக்கிறோம். பாட்டி மட்டும் போனை நம்பவில்லை. சுருக்குப்பைக்குள் மடித்து வைத்திருந்த பில்லை அடுத்த செவ்வாய்க்கிழமை மேசைமேல் விரித்து, முப்பது ரூபாயை அதன்மேல் வைத்தார். பருப்பு வந்தது.