பிஸ்கட் கலரும் ஒரு ரெட்டை வடச் செயினும்

ரெண்டு மாசமா எங்க வீட்டுல ஒரே பஞ்சாயத்து. எனக்குப் பொண்ணு பார்க்குற விஷயம்னு நினைச்சுடாதீங்க, அது தனி ட்ராக்குல ஓடிட்டு இருக்கு. இது அப்பாவோட பழைய பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டருக்கு என்ன பெயிண்ட் அடிக்கிறதுங்கிற பஞ்சாயத்து. பெங்களூருல அஞ்சு நாள் ஆணி புடுங்கிட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் புடிச்சு, தொப்பூர் கணவாய்ல தூக்கத்தைத் தொலைச்சு, ராசிபுரம் வந்து சேர்ந்தா, சனி ஞாயிறு முழுக்க ஒரு தகர வண்டியோட நிறத்தைப் பத்தித்தான் பேச்சு.

முதல்ல வண்டியோட ஜாதகத்தைச் சொல்லிடறேன்.

அப்பா ரிடையர்டு வாத்தியார். வேலைக்குச் சேர்ந்த புதுசுல, 1977-ல, ஸ்கூட்டருக்குப் புக் பண்ணினார். வண்டி கைக்கு வந்தது 1986-ல. எழுத்துப் பிழை இல்லைங்க, ஒன்பது வருஷம்தான். நடுவுல தாத்தா காலமாயிட்டார், அப்பாவுக்கு ரெண்டு தடவை டிரான்ஸ்ஃபர் ஆச்சு, கல்யாணமும் ஆச்சு. வண்டி மட்டும் வரலை. பிரியாணி பத்து நிமிஷம் லேட்டானா போன்ல சண்டை போடுற நமக்கு இது புரியறது கஷ்டம். ஒரு கம்பெனி வருஷத்துக்கு எத்தனை வண்டி செய்யலாம்னு டெல்லியில லைசென்ஸ் குடுத்த காலம் அது. கேட்குறவங்க லட்சக்கணக்குல, வண்டி கொஞ்சம். பத்து வருஷம் காத்திருந்தவங்ககூட உண்டு. வெளிநாட்டுப் பணத்துல கட்டினா சீக்கிரம் கிடைக்குமாம். ராசிபுரத்து வாத்தியார் டாலருக்கு எங்க போவார்?

சேட்டக் பிறந்தது 1972-ல. அதுக்கு முந்தின வருஷம்தான் இத்தாலி பியாஜியோவோட பஜாஜ் போட்டிருந்த ஒப்பந்தம் முடிஞ்சுது. வெஸ்பா ஸ்ப்ரிண்ட் மாடலை ஒட்டிச் செஞ்சு, மகாராணா பிரதாப்போட குதிரை பேரை வெச்சாங்க. பைக்குக்கு இருக்கிற மாதிரி இதுக்குத் தனியா ஃப்ரேம் கிடையாது. அந்தத் தகர உடம்பேதான் எலும்பும். அதனால பெயிண்ட்டுங்கிறது இதுக்கு வெறும் அழகு இல்லை. பெயிண்ட் போனா துரு புடிக்கும், துரு புடிச்சா வண்டியே போச்சு. நம்ம வண்டி ஃபுட்போர்டுல ரெண்டு இடத்துல தரை தெரியுது.

இப்ப கலர் கதை. 1986-ல அலாட்மென்ட் வந்து அப்பா சேலத்துக்குப் போனப்ப அங்க நின்னுட்டு இருந்தது ஒரே ஒரு வண்டி. ஆர்.சி. புக்குல அதோட கலர் 'பேஜ்'. ஊர் பாஷையில பிஸ்கட் கலர். அதுல பளபளப்பு, மினுமினுப்பு எதுவும் கிடையாது. நம்ம பக்கம் ஜவ்வரிசி மில்லு களத்துல ஈர மாவைக் காயப் போட்டு, மேல கொஞ்சம் புழுதி படிஞ்சா ஒரு நிறம் வருமே, அது. அப்பா ஆசைப்பட்டது நீலம். "வேற கலர் வேணும்னா அடுத்த லாட்டு வர்ற வரைக்கும் இருங்க"ன்னு பதில் வந்திருக்கு. ஒன்பது வருஷம் காத்திருந்த மனுஷன் இன்னும் இருப்பாரா? கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வந்துட்டார்.

ஹென்றி ஃபோர்டு கார் விஷயத்துல சொன்னதா ஒரு ஜோக்கு உண்டே, கறுப்பா இருக்கிற வரைக்கும் எந்தக் கலர் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு. அந்த மாடல் டி காரே முதல்ல சிவப்பு, பச்சை, சாம்பல்னு வந்ததுதான். 1914-லேர்ந்து 1925 வரைக்கும்தான் கறுப்பு மட்டும். அதுக்குள்ள டூபான்ட் கம்பெனி 'டூகோ'ன்னு சீக்கிரம் காயுற பெயிண்ட்டைக் கொண்டாந்துட்டாங்க. 1924 மாடல் ஓக்லாந்து கார் அதுல நீலமா வந்துச்சு. நூறு வருஷம் கழிச்சும் நம்மூர் பட்டறையில எந்தக் கம்பெனி டப்பாவா இருந்தாலும் "டூகோ அடிக்கலாமா தம்பி?"ன்னுதான் கேட்குறாங்க.

சரி, வண்டிக்கு வருவோம். நான் பிறந்தது 1997. நான் பார்த்ததெல்லாம் நீலச் சேட்டக்தான். சாதா நீலம் இல்லை, லாரி நீலம். 1995-ல அப்பா நாமக்கல்லுக்குப் போய், தெரிஞ்சவர் ஒருத்தரோட லாரி பாடி கட்டுற பட்டறையில, லாரிக்கு அடிச்சு மீந்த எனாமல்ல ப்ரஷ் போட்டு அடிச்சுட்டு வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தா ப்ரஷ் முடி ஓடின கோடு தெரியும். டிக்கி மூடியில அக்கா பேரு, லாரி நெத்தியில எழுதுற மாதிரியே மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழல், ரெண்டு பக்கமும் தாமரை. என் பேரு இல்லை, நான் அப்ப ப்ரொடக்‌ஷனுக்கே வரலை :-)

2001-ல பதினஞ்சு வருஷம் முடிஞ்சு புக்கு காலாவதி ஆனதும் வண்டியை மாட்டுக் கொட்டாய்ல ஓரம் கட்டிட்டாங்க. அதுக்கு முன்னாடி முன்பக்கம் நின்னுட்டு ஹாண்டில்பாரைப் புடிச்சுட்டுப் போனது எனக்கு லேசா ஞாபகம் இருக்கு. அப்புறம் ஸ்கூல் லீவெல்லாம் ஸ்டாண்டு போட்ட வண்டியில உட்கார்ந்து வாயாலயே சென்னைக்கும் பாம்பேக்கும் போயிருக்கேன்.

போன தீபாவளி போனஸ்ல வண்டியைச் சரி பண்ணிடலாம்னு முடிவு பண்ணி, சேலத்துல ஒரு பட்டறையில விட்டேன். என் மனசுல இருந்தது புதினாப் பச்சையும் வெள்ளையும். பழைய ஸ்கூட்டரை மீட்டெடுக்குறவங்க பாதிப் பேரு இப்ப அதைத்தான் அடிக்கிறாங்க, போட்டோவுல சூப்பரா இருக்கும். பட்டறை அண்ணன் சீட்டைக் கழட்டி, பெட்ரோல் டாங்க்கைத் தூக்கினார். அடியில அந்தக் குழியில நாமக்கல் ப்ரஷ் போகவே இல்லை. கம்பெனியில அடிச்ச பெயிண்ட் அப்படியே இருந்துச்சு. காம்பௌண்டு போட்டுத் துணியால தேய்ச்சார். அழுக்குக்கு அடியில பிஸ்கட்.

"தம்பி, இது யாரும் கேட்காத கலரு. ஒரிஜினல்னா இதான், ஆனா எடுபடாது. முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க" அப்படின்னார். நீலத்து மேலயே அடிக்கவும் முடியாதாம். பழைய எனாமல் மேல இப்பத்திய பெயிண்ட் பட்டா சுருங்கித் தூக்கிடும். எல்லாத்தையும் உரிச்சு, தகரத்துக்குக் கொண்டாந்து, ப்ரைமர்லேர்ந்து ஆரம்பிக்கணும். ஆக, எந்தக் கலரைத் தேர்ந்தெடுத்தாலும் நீலம் காலி.

பக்கத்துல ஒரு பையன் புல்லட்டுக்கு மிலிட்டரி பச்சை அடிக்கச் சொல்லிக் கெஞ்சிட்டு இருந்தான். அண்ணன் முடியவே முடியாதுன்னுட்டார். சரியாத்தான் சொன்னார். 1989 மோட்டார் வாகன விதிகள்ல 121-ன்னு ஒண்ணு இருக்கு, ராணுவ வண்டியைத் தவிர வேற எதுக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. எல்லாரும் ஆசைப்படுற கலருக்குச் சட்டத்துல தடை. யாரும் சீண்டாத கலர் நம்ம புக்குல பதிவாகியிருக்கு.

அப்பதான் எனக்கு உறைச்சுது. கலரை மாத்தினா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லி புக்குலயும் மாத்தணும். அப்பா 1995-ல அதைச் செய்யவே இல்லை. புக்கைப் பொறுத்தவரைக்கும் வண்டி இன்னும் பேஜ். திரும்பப் பதிவைப் புதுப்பிக்க இன்ஸ்பெக்டர் முன்னாடி நிறுத்தணும்னா புக்குல இருக்கிறதுதான் வண்டியில இருக்கணும். 2021-ல வந்த விண்டேஜ் விதிக்கு 50 வருஷம் ஆகியிருக்கணும், நம்ம வண்டிக்கு அது 2036-லதான். எப்படிப் பார்த்தாலும் ஒரிஜினல் கலர்தான் நியாயம்னு, பழைய வண்டிப் பைத்தியங்களுக்கே உரிய உற்சாகத்தோட வீட்டுக்கு வந்து அறிவிச்சேன்.

அப்பா பேப்பரைக் கீழ வெச்சார்.

"அந்தக் கலர் வேண்டாம்."

ஏன்பான்னு கேட்டேன். முதல்ல ஒண்ணும் சொல்லலை. அப்புறம் மெதுவா, "பசங்க என்னைய என்னன்னு கூப்பிடுவாங்க தெரியுமா? பிஸ்கட் வாத்தியார்" அப்படின்னார். வண்டி வாங்கின மாசமே ஆரம்பிச்சிருக்கு. பசங்கதானேன்னு விட்டிருக்கார். வருஷம் போகப் போக டீக்கடை, ரேஷன் கடை, சக வாத்தியார் வீட்டுக் கல்யாணம்னு எல்லா இடத்துலயும் அதே பேரு. மூணு வருஷம் படிச்சு, முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் குடுத்த மனுஷனுக்கு, அவர் தேர்ந்தெடுக்காத ஒரு கலர்ல பேரு. 1995-ல நீலம் அடிச்சுட்டு வந்த அன்னைக்குத்தான் அது நம்ம வண்டின்னு தோணிச்சாம்.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. நான் பாட்டுக்கு ஒரிஜினல் ஒரிஜினல்னு குதிச்சுட்டு இருந்தேன். பொட்டி தட்டுற பாஷையில சொன்னா, கம்பெனியிலேர்ந்து வர்ற டீஃபால்ட் செட்டிங்கை நாம என்ன புனிதம்னா நினைக்கிறோம்? வந்த அன்னைக்கே மாத்துறதில்லையா? அப்பா தன் காசுல, தன் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுத்த முதல் கலர் அந்த லாரி நீலம்தான். அதையே நல்லபடியா அடிச்சு, புக்குலயும் நீலம்னு மாத்திடலாம்னு முடிவு பண்ணிட்டேன். அப்பா முகத்துலயும் ஒரு நிம்மதி தெரிஞ்சுது.

அடுப்படியிலேர்ந்து அம்மா வந்தாங்க. கையில கரண்டி.

"என்ன கலருன்னு என்னைய யாரும் கேக்க மாட்டீங்களா?"

நாங்க ரெண்டு பேரும் முழிச்சோம். அம்மா அந்த வண்டியைப் பத்தி இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"வண்டி எடுக்கப் பணம் பத்தலைன்னு என் ரெட்டை வடச் செயினைத்தான் கண்ணு அடகு வெச்சாரு உங்கப்பா. கல்யாணமாகி நாலு மாசம். எங்கம்மா போட்டது. வட்டி கட்டி வட்டி கட்டிப் பார்த்தோம், கடைசியில முழுகிப் போச்சு. சேலத்துலேர்ந்து அந்த வண்டியிலதான் வந்தோம். மல்லூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில நிறுத்தி, உங்கப்பா கைக்குட்டையால துடைச்சுத் துடைச்சுப் பார்த்தாரு. சந்தனக் கலரு. நல்லாத்தான் இருந்துச்சு. செயின் எங்கயும் போகலை, வாசல்லதான் நிக்குதுன்னு நெனச்சுக்குவேன். ஒரு நாள் பொழுது சாய வெளிய வந்து பாக்குறேன், நீலமா ஒரு வண்டி நிக்குது. யாரு வண்டியோன்னு நெனச்சேன்."

அப்பா, "அப்பவே நீ சொல்லியிருக்கலாம்ல?"ன்னார்.

"நீங்க கேட்டிருக்கலாம்ல?"ன்னுட்டு அம்மா உள்ள போயிட்டாங்க. குழம்பு அடி புடிக்குதாம்.

அன்னைக்குச் சாப்பாட்டுல சத்தமே இல்லை. ஒரே பெயிண்ட்டுக்குப் புக்குல பேஜ்னு ஒரு பேரு, ஊருக்குப் பிஸ்கட், அம்மாவுக்குச் சந்தனம். அப்பா பக்கம் நியாயம் இல்லைன்னு சொல்ல என்னால இப்பவும் முடியலை. ஆனா அப்பாவுக்கு ஆறு வருஷம் அவர் ஆசைப்பட்ட கலர்ல ஓட்டக் கிடைச்சுது. அம்மாவுக்கு அந்தக் கணக்கே எழுதப்படலை. பெங்களூர் போற பஸ்ல இதையேதான் ஓட்டிட்டு இருந்தேன். நானா ஒரு முடிவு சொல்றதுல எனக்கு இஷ்டமில்லை. ஏற்கனவே ஒரு ஆம்பளை கேட்காம முடிவு பண்ணித்தான் இவ்வளவும்.

புதன்கிழமை மீட்டிங்ல இருக்கிறப்ப அப்பா போன். "அம்மா சொன்னதையே அடிச்சிரு"ன்னார். சரிங்கப்பான்னேன். "ஆனா யாராச்சும் கேட்டா சந்தனக் கலர்னு சொல்லு. பிஸ்கட்னு சொல்லாத" அப்படின்னு சேர்த்துக்கிட்டார்.

போன வாரம் டாங்க் அடியில இருந்த கலரை வெச்சு கம்ப்யூட்டர் மிஷின்ல மேட்ச் பண்ணி, ஒரு சின்னத் தகரத்துல சாம்பிள் அடிச்சு வாங்கிட்டு வந்தேன். அம்மா வாசலுக்கு எடுத்துட்டுப் போய் வெயில்ல திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "இது அது இல்லை கண்ணு. அதுல கொஞ்சம் மஞ்சள் ஜாஸ்தி." மிஷின் 99 சதவீதம் சரின்னு சொல்லுதும்மான்னேன். "மிஷினா என் பின்னாடி உட்கார்ந்து வந்துச்சு?"

அதனால வர்ற சனிக்கிழமை அம்மாவையே செவ்வாப்பேட்டை பெயிண்ட் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். வண்டியைப் பட்டறையில இடமில்லைன்னு வீட்டுக்கே கொண்டாந்து விட்டுட்டாங்க, ரெட் ஆக்சைடு ப்ரைமரோட வாசல்ல நிக்குது. எதிர் வீட்டுக்காரர் நேத்து சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "செங்கல் கலரு அருமையா இருக்குது வாத்தியாரே, இதையே வெச்சுக்குங்க"ன்னு சொல்லிட்டுப் போறார்.

பி.கு: கோயமுத்தூர்லேர்ந்து அக்கா போன் பண்ணி, தன் பேரை அழிச்சா ராசிபுரம் பக்கமே வர மாட்டேன்னு மிரட்டினா. அதனால டிக்கி மூடிக்குப் புதுசு ஒண்ணு வாங்கியாச்சு. தாமரை போட்ட பழைய நீல மூடி அவ வீட்டுக்குப் பார்சல்.