எந்த மரத்துக்கு எந்தப் பல்

மைசூரு அரண்மனையின் அம்பாவிலாச மண்டபத்தில் பிள்ளையார் சன்னதிக்குத் திறக்கும் கதவு ஒன்று உண்டு. ஈட்டி மரத்தில் யானைத் தந்தம் பதித்தது. கூட்டம் அதன் பக்கம் அதிகம் திரும்புவதில்லை. தூண்களையும் கூரையின் வண்ணக் கண்ணாடியையும் அண்ணாந்து பார்த்தபடியே வெளியே போய்விடுகிறது. அந்தக் கதவின் வேலை தெரிந்தவர்கள் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். மண்டி மொகல்லாவின் சந்துகளுக்குள் ரம்பச் சத்தம் கேட்கும் வீடுகளில் எட்டிப் பார்த்தால் போதும். தந்தம் மட்டும் கிடையாது. 1986-இல் நம் நாட்டு யானைத் தந்த வியாபாரத்துக்கும், 1991-இல் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் சட்டம் தடை போட்டபின், அந்த வெள்ளையையும் மரத்திலேயே தேடிக்கொண்டார்கள்.

மைசூரு மரப் பதிப்பு வேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் தசரா யானையைப் பற்றியே எழுதுவார்கள். நான் போனது ரம்ப பிளேடைப் பார்க்க. யானை எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதன் துதிக்கையின் வளைவை வெட்டுகிற கம்பி எத்தனை கனம், எத்தனை பல் என்பது வெட்டுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

நான் போன பட்டறை ஒரு பாயுடையது. சின்ன வயதில் கோயம்புத்தூரில் மர வேலை பார்த்தவர் என்பதால் தமிழ் தடையில்லாமல் வந்தது. முன்னறையில் அவரும் இன்னொரு பெரியவரும் தரையில் உட்கார்ந்து கை ரம்பத்தில் வெட்டுகிறார்கள். உள்ளறையில் அவருடைய மருமகன் ஸ்க்ரோல் சா மெஷினில் இருக்கிறார். வேலை முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வரைந்த தாளை மெல்லிய மரத் தகட்டில் ஒட்டி, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனித் துண்டாக வெட்டுகிறார்கள். ஈட்டிப் பலகையில் அதே வடிவத்துக்குப் பள்ளம் எடுத்து, பசை வைத்துப் பதித்து, தேய்த்து, மெருகு போடுகிறார்கள். சாயம் கிடையாது. மஞ்சளுக்குப் பலா, கறுப்புக்குக் கருங்காலி, வெளிறிய இடத்துக்கு ரப்பர் மரம் என்று நிறமெல்லாம் மரத்தினுடையதே.

ஆக, படத்தின் தரம் என்பது துண்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான். அந்த இடைவெளியை நிர்ணயிப்பது பிளேடு.

பாய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். டஜன் டஜனாகக் கம்பி சுற்றிய கட்டுகள். எல்லாமே 5 அங்குல நீளம்தான். கனமும் பல்லும்தான் வேறு. ஒன்றை உருவி என் விரலில் வைத்தார். எண் 2/0. கனம் கால் மில்லிமீட்டர், அகலம் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். கண்ணாடி போட்டால்தான் பல் தெரிகிறது. இந்த எண் வரிசை 2/0, 0, 1, 2, 3, 5, 7, 9, 12 என்று போகும். எண் ஏற ஏறக் கம்பி தடிக்கும், பல் பெரிதாகும். எண் 2-இல் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 20 பல். எண் 5-இல் பன்னிரண்டு, பதிமூன்றுதான்.

“மூணு பல்லு மரத்துக்குள்ள இருக்கணும் சார். எப்பவும். ஒரு பல்லு மட்டும் இருந்தா அது வெட்டாது, கடிக்கும்.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவருடைய தகடு 3 மில்லிமீட்டர். அதில் எண் 5 போட்டால் ஒரு நேரத்தில் ஒரு பல்லோ இரண்டு பல்லோதான் மரத்தைத் தொடும். விளிம்பு பிய்ந்துவிடும். 2/0 போட்டால் மூன்று பல் கிடைக்கிறது. அதே மூன்று பல் விதிக்கு இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்: நான்கு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுநாடா சுற்றிக் கட்டி, எண் 3 போட்டு ஒரே வெட்டில் நான்கு துதிக்கை எடுத்துவிடுவது. அடியில் ஒரு கழிவு பிளைவுட் வைத்தால், கடைசித் தகட்டின் அடிப்பக்கம் சிலும்பு எழாமல் வரும்.

சிலும்புக்கென்றே ஒரு பல் அமைப்பும் இருக்கிறது. கடைசியில் உள்ள சில பற்கள் மட்டும் மேல்நோக்கித் திரும்பியிருக்கும். பிளேடு மேலேறும்போது அவை அடிப்பக்க நாரைச் சீவிவிடும். பிளைவுட்டில் வேலை செய்கிறவர்கள் இதை விட மாட்டார்கள். ஒரு பல் விட்டு ஒரு பல் இருக்கும் வகைதான் ஈட்டிக்குப் பொருத்தம். இடைவெளி வழியாகத் தூள் வெளியேறும், பிளேடு சீக்கிரம் சூடேறாது. சுற்றிலும் பல் உள்ள முறுக்குக் கம்பி ஒன்றும் உண்டு. மரத்தைத் திருப்பாமலே எந்தத் திசையிலும் வெட்டலாம். புதிதாக வருகிறவர்களுக்கு அதன்மேல்தான் ஆசை போகிறது. ஆனால் வெட்டுத் தடம் அகலம், விளிம்பு சொரசொரப்பு. பதிப்பு வேலைக்கு அது ஆகாது என்று பாய் ஒரே வார்த்தையில் ஒதுக்கினார். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

நுனியில் ஊசி குத்திய பிளேடுகளையும் அவர் வாங்குவதில்லை. மாட்டுவது எளிது, உண்மை. ஆனால் யானையின் கண் போன்ற உள்வெட்டுக்குத் துளை போட்டு அதன் வழியாகத்தான் பிளேடை நுழைக்க வேண்டும். அந்த ஊசி நுழைய நான்கு, ஐந்து மில்லிமீட்டர் துளை வேண்டும். கண்ணே அவ்வளவு பெரிதில்லை! ஊசியில்லாத பிளேடுக்கு ஒரு மில்லிமீட்டர் துளை போதும்.

கை ரம்பத்தில் வெட்டுவதைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முன்பக்கம் வி வடிவில் வெட்டிய பலகையின் மேல் தகடு. இடது கை தகட்டை அழுத்தித் திருப்புகிறது. வலது கை ரம்பத்தின் வில் சட்டத்தைக் கீழே இழுத்து மேலே விடுகிறது. பல் கைப்பிடியைப் பார்த்து இருப்பதால் கீழே இழுக்கும்போது மட்டும்தான் வெட்டு. கூர்மையான முனை வந்ததும் பெரியவர் இழுப்பை நிறுத்தவில்லை. முன்னால் தள்ளுவதை மட்டும் நிறுத்தினார். பிளேடு இருந்த இடத்திலேயே ஏறி இறங்க, தகடு அதைச் சுற்றி மெதுவாகத் திரும்பியது. பிளேடின் முதுகு லேசாக உராய்ந்து தனக்கு இடம் பண்ணிக்கொண்டது. அதன்பிறகே அடுத்த கோடு. அவசரப்பட்டுத் திருப்பினால் பிளேடு முறுக்கிக்கொண்டு ஒடியும்.

மெஷினிலும் இதே விதிதான், வேகம் மட்டும் கூடுதல். மருமகன் பிளேடை மாட்டி, இழுவிசையை ஏற்றி, விரலால் தெறித்துக் கேட்டார். கணீரென்று ஒலிக்க வேண்டும். பக்கவாட்டில் அழுத்தினால் ஒரு நூலுக்கு மேல் நகரக்கூடாது. தளர்ந்திருந்தால் வெட்டு முகம் செங்குத்தாக நிற்காது, வயிறு தள்ளும். மேலே பொருந்தும், அடியில் பொருந்தாது. அச்சில் வெட்டி எடுத்த மலிவு பிளேடுகளில் ஒரு பக்கம் பிசிறு இருப்பதால், நேராகத் தள்ளினாலும் கோடு ஒரு பக்கமாக விலகும். மரத்தைச் சற்றே சாய்த்துத் தள்ளி ஈடுகட்டுகிறார். சாணை பிடித்துச் செய்த ஜெர்மனி, சுவிட்சர்லாந்து பிளேடுகளில் இந்தத் தொல்லை குறைவு. விலை அதிகம்.

மருமகன் காட்டிய இன்னொரு வித்தையில் பள்ளம் எடுக்கும் வேலையே கிடையாது. இரண்டு நிறத் தகடுகளை அடுக்கி, மெஷின் மேடையைச் சாய்த்து ஒரே வெட்டில் வெட்டினால், ஒன்றின் துண்டு மற்றதன் ஓட்டையில் சரிவாக இறங்கி இறுகும். பிளேடு தின்ற இடத்தைச் சரிவு நிரப்பிவிடுகிறது. 3 மில்லிமீட்டர் தகட்டுக்கும் 0.3 மில்லிமீட்டர் தடத்துக்கும் ஏறக்குறைய 6 டிகிரி சாய்வு. பிளேடை மாற்றினால் சாய்வும் மாறும். இதைப் பாய் பெரிதாக மதிப்பதில்லை. “நல்லாத்தான் இருக்கு. ஆனா உளி எடுக்க மறந்திடுவான்” என்றார்.

ஈட்டி கெட்டியான மரம், எண்ணெய்ப் பசையும் உண்டு. பல் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய பிளேடு வெட்டுவதற்குப் பதில் தேய்க்கிறது. சூடேறி விளிம்பு கருகுகிறது. தகட்டின்மேல் பார்சல் ஒட்டுகிற பிளாஸ்டிக் டேப்பை ஒட்டி வெட்டினால் கருகல் குறையும். கை ரம்பத்துக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொள்கிறார்கள். இவையெல்லாம் ஆயுளைக் கொஞ்சம் நீட்டும், அவ்வளவுதான். இந்த பிளேடைத் திரும்பத் தீட்ட முடியாது. தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஆனால் தூக்கிப் போடுவதில்லை. முன்னறைப் பெரியவரின் பக்கத்தில் இருந்த தட்டில் ஒடிந்த, மழுங்கிய துண்டுகள் கிடந்தன. கேட்டதற்கு, “இன்னும் ரெண்டு பூ வெட்டலாம்” என்றார். காரணம் கஞ்சத்தனமில்லை. ஆர்டர் கொடுக்கிற கடைக்காரர் மரமும் படமும் தருகிறார், துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறார். பிளேடு, வெட்டுகிறவரின் கணக்கு. நல்ல பிளேடாக வாங்கினால் கூலி குறைகிறது. மட்டமான பிளேடில் வெட்டினால் இடைவெளி விழுகிறது. அதை மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்க வேண்டும், கடைக்காரர் அதைக் காட்டியே விலையைக் குறைக்கிறார். மரம் கொடுக்கிறவர் பிளேடும் கொடுப்பதே நியாயம். ஒரு நல்ல ஈட்டிப் பலகை பாழானால் போகிற பணத்தில் எத்தனையோ டஜன் பிளேடு வாங்கலாம்; கணக்கு தெரிந்த வியாபாரிக்கு இது தெரியாமலா இருக்கும்?

லேசரில் வெட்டிய படங்களும் இப்போது சந்தையில் கலந்து வருகின்றன. லேசர் சுட்டுத்தான் வெட்டுகிறது என்பதால் துண்டின் ஓரமெல்லாம் ஒரே சீரான கரும்பழுப்புக் கோடு ஓடும். மைசூரில் பதிப்புப் படம் வாங்குகிறவர்கள் அதை வெளிச்சத்துக்குச் சாய்த்து, தந்தத்தின் நுனி, இலையின் முனை, கண்ணின் ஓரம் ஆகிய மூன்று இடங்களைப் பாருங்கள். நிறமும் நிறமும் நேராக ஒட்டியிருந்தால் அது நல்ல பிளேடில் பொறுமையாக வெட்டிய வேலை. அதற்குக் கேட்கிற விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பிளேடு காசு யார் கொடுத்தது என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள்.